மேஜர் புறப்பட வேண்டிய வீடு

கச்சி முகம்மது மரைக்கார் எழுந்து நின்றார். பள்ளிவாசல் நிர்வாகசபைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றால் மற்றவர்களின் பேச்சு தானாக அடங்கிவிடும். எழுபத்தாறு வயதிலும் கைத்தடி தொடாதவர். நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் சாய்வில் முதுகு படவிடாதவர்.

“எந்த வீடு?” என்று கேட்டார்.

செயலாளர் அசனார் அப்போதுதான் அறிவித்து முடித்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் மேஜர் றவூபின் வீட்டிலிருந்து ஊர்வலம் புறப்படும். பிரதான வீதியால் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகும். அங்கே மாலை, பொன்னாடை, உரைகள். பிறகு மேஜரை வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.

“என்ன மரைக்கார், தெரியாத மாதிரிக் கேக்கிறீங்க. வாவிக்கரை வீடுதான். கைறுன்னிஸா மாமிட வீடு.”

“அது அவன்ட பொண்டாட்டிட வீடு. நான் அவன்ட வீட்டைக் கேட்டன்.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். கேள்வியின் பொருள் அங்கே இருந்த மூத்தவர்கள் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. காத்தான்குடியில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் தாய்வீட்டை விட்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் அவன் எந்தக் குடி, எந்தத் தாய்வழி வம்சம் என்று கேட்டால், சாகும்வரை தாயின் குடியைத்தான் சொல்வான். மாப்பிள்ளை ஊர்வலம் தாய்வீட்டில் புறப்பட்டு மனைவி வீட்டு வாசலில் போய் நிற்கும். தாய்வீடு அனுப்பும், மனைவி வீடு வரவேற்று எடுக்கும். ஊர் கூடி ஓர் ஆணைச் சிறப்பிப்பதென்றால் அதற்கு இந்த ஒழுங்கு ஒன்றுதான் அங்கே உண்டு. அந்தந்தக் குடியின் நல்லது கெட்டதுக்கு முன்னே நிற்பவர் மரைக்கார். முத்துநாச்சி குடிக்கு மரைக்கார் கச்சி முகம்மது. மேஜர் றவூப் அவருடைய தங்கை மீராநாச்சியின் மகன்.

“மரைக்கார், அந்த வீடு இப்ப இல்லையே” என்றார் அசனார் மெதுவாக.

“தளம் இருக்கு.”

“வெறும் சீமெந்துத் தளம். கடலுக்கு இருநூறு மீற்றருக்குள்ள கட்ட ஒண்ணா எண்டு சட்டம் போட்ட இடம். பிரிகேடியர் வாறார், அரசாங்கக் கச்சேரியிலிருந்து அதிகாரிமார் வாறாங்க. நாய் படுத்துக் கிடக்கிற இடத்திலயா கொண்டுபோய் நிப்பாட்டுறது?”

ஓரத்தில் இருந்த இளைஞன் ஒருவன் சிரித்துவிட்டான். மரைக்கார் அவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“நாய்க்கு எழும்பு எண்டா எழும்பிப் போகும், அசனார். உங்களுக்குத்தான் ஒண்டை ரெண்டு தரம் சொல்ல வேண்டிக் கிடக்கு.”

“குடி, கூறை எல்லாம் மார்க்கத்தில இல்லாத விசயம்” என்று சிரித்த இளைஞன் சமாளித்துக்கொண்டு சொன்னான்.

“பொன்னாடை இருக்கா மார்க்கத்தில? பூமாலை இருக்கா? அதை முதல்ல நிப்பாட்டிப் போட்டு என்னட்ட வா, மகன்.”

ஆனாலும் முடிவு மாறவில்லை. கை உயர்த்தச் சொன்னார்கள். கைகள் வாவிக்கரை வீட்டுக்கே உயர்ந்தன. மரைக்கார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாரிடமும் விடைபெறாமல், நிமிர்ந்தபடியே படியிறங்கினார். தோற்றவர் நடக்கிற நடையாக அது இருக்கவில்லை. இது கை உயர்த்தித் தீர்க்கிற காரியமே அல்ல என்பது அவருடைய எண்ணம்.

றவூப் செய்த காரியம் சிறியதல்ல. யுத்தத்தின் கடைசி மாதங்களில், வடக்கே ஓர் உப்புநீர்க் களப்பின் கரையில், அவனுடைய சிப்பாய்கள் சிலர் காயப்பட்டு நீருக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டார்கள். படகு இறக்க வழியில்லை, துப்பாக்கிச் சூடு ஓயவில்லை. றவூப் தானே நீரில் இறங்கினான். சேற்றில் நின்று நடந்தால் கால் புதையும். உடம்பை நீரில் கிடத்தி, கையால் தரையைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். மட்டக்களப்பு வாவியில் இறால் பிடித்து வளர்ந்த பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவராக முதுகில் போட்டுக்கொண்டு வந்தான். கடைசி முறை தொடையில் சூடு பட்டும் பிடித்த பிடியை விடவில்லை. அதற்குத்தான் ரண விக்ரம பதக்கம். கொழும்பில் அணிவகுப்பு நடத்தி அவன் மார்பில் அதைக் குத்தினார்கள்.

அந்த மார்பை வளர்த்தவள் மீராநாச்சி. கடற்கரை வீட்டில் கைத்தறி போட்டு உடுக்கிற சாரம் நெய்து, கணவன் மௌத்தான பிறகு ஒற்றைப் பிள்ளையைப் படிக்கவைத்தவள். அவன் பட்டாளத்துக்குப் போகப் போகிறேன் என்றபோது ஊரில் பாதிப்பேர் அவளை ஏசினார்கள். கிணற்றடியில் பெண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் மகனுக்குப் பெட்டி அடுக்கினாள். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி ஞாயிறு காலையில் அவள் தறியில் இருந்தாள் என்று அக்கம்பக்கத்தில் தப்பியவர்கள் சொன்னார்கள். தண்ணீர் வடிந்தபோது தளம் மட்டும் நின்றது. தறியின் ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை. மையத்தும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே ஜனாஸா தொழுதார்கள்.

அவளுக்கு மகள் இல்லை. றவூபின் மகள் றுமானா தன் தாய் பரீனாவின் குடி. அதாவது றவூபோடு மீராநாச்சியின் வழி முடிகிறது. மண்ணில் அடங்க ஒரு கபுறுகூட இல்லாதவளின் பெயரை ஊர் கூடிய இடத்தில் உரத்துச் சொல்வதற்கு இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் இன்னொரு நாள் வரப்போவதில்லை. மரைக்கார் இதை எவரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் காலை அவர் வாவிக்கரை வீட்டுக்குப் போனார்.

றவூபின் மாமியார் கைறுன்னிஸா முற்றத்தில் நின்று கதிரை வாடகைக்காரனை விரட்டிக்கொண்டிருந்தாள். பட்டுத்துணியும் சாரியும் விற்று, மூன்று பெண் பிள்ளைகளுக்கும் மாடி வீடு கட்டிக்கொடுத்தவள். ஆண்களிடம் பேசும்போது குரலைத் தாழ்த்துகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

“வாங்க காக்கா. வருவீங்க எண்டு தெரியும். கூட்டத்தில நடந்ததெல்லாம் நேத்தே காதுக்கு வந்திட்டு.”

“அப்ப எனக்கு வேலை லேசாப் போச்சு.”

“லேசாப் போகல்ல. என்ட மருமகன் என்ட வாசலாலதான் போவார். அஞ்சு வருசமா அவருக்குச் சோறு போட்டது ஆரு? ஆசுபத்திரியில கிடக்கக்க கொழும்புக்கும் இஞ்சைக்கும் அலைஞ்சது ஆரு? என்ட மகள் பரீனா. நீங்க எத்தனை தரம் வந்தீங்க?”

“மூண்டு தரம். அவன் கண் முழிக்க முந்தி ஒருக்கா.”

கைறுன்னிஸா அதை எதிர்பார்க்கவில்லை. தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இரிங்க” என்று கதிரையைக் காட்டினாள். மரைக்கார் உட்காரவில்லை.

“கைறுன்னிஸா, நான் உன்னோட சண்டைக்கு வரல்ல. ஒண்டு மட்டும் கேக்கிறன். உன் வாப்பா இந்த ஊர்ல பெரிய மனிசன். அவர் உன் உம்மாட வீட்டிலதானே இருந்தார்?”

“ஓம்.”

“அந்த வீட்டு வாசலால ஊர் கூடி, முன்னுக்கும் பின்னுக்கும் சனமா, அவரை வெளிய கொண்டு போனது எப்ப?”

அவள் வாய் திறந்தாள்.

“மையத்தாச் சந்தூக்கில வச்சு” என்றார் மரைக்கார். “என்ட வாப்பாவையும் அப்பிடித்தான். உன் புருசனையும் அப்பிடித்தான், இந்த முற்றத்தாலதான். பொண்டாட்டி வீட்டிலிருந்து ஒருவனை ஊர் தூக்கிக்கொண்டு போறது அந்த ஒருக்காதான். கூட்டத்தில இருந்து சிரிக்கிற பொடியனுகளுக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும்.”

கதிரை வாடகைக்காரன் கதிரைகளைச் சத்தமில்லாமல் அடுக்கத் தொடங்கினான். கைறுன்னிஸாவின் உதடுகள் அசைந்தன, எதையோ ஓதினாள். மருமகன் தொடையில் சூட்டுக் காயத்தோடு கிடந்த நாட்கள் அவளுக்கு நினைவில் வந்திருக்க வேண்டும்.

“எடுக்கிற வீடுதான் உன் வீடு” என்று அவர் தொடர்ந்தார். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. “ஊரே அவனைக் கொண்டு வந்து உன் கையில தரும். நீ வாசல்ல நிண்டு எடுப்பாய். அதில குறைவு ஒண்டும் இல்ல. அனுப்புறதும் நானே, எடுக்கிறதும் நானே எண்டு நிண்டாத்தான் குறைவு.”

அவள் வாடகைக்காரனைப் பார்த்து, “டேய், கதிரையை ஏன் அடுக்குறாய்? எல்லாத்தையும் வாசலுக்கு உள்பக்கமாப் போடு. வாறவங்க இருக்க வேணும்” என்றாள். மரைக்காரிடம் திரும்பினாள். “அசனாரை நான் பாத்துக்கிறன். ஆனா உங்கட மருமகனை உங்களால அசைக்க ஒண்ணாது. சுனாமிக்குப் பிறகு அவர் அந்தக் கடக்கரைப் பக்கமே கால் வைக்கல்ல. கேட்டா எழும்பிப் போயிருவார். பரீனாவும் கேக்கிறத விட்டுட்டாள்.”

“எங்க இருக்கான்?”

“பின்னுக்கு. வாவியைப் பாத்துக்கொண்டு.”

றவூப் சாரமும் பெனியனுமாக, காயப்பட்ட காலை ஒரு மர வாங்கின் மேல் நீட்டிக்கொண்டு இருந்தான். மாமாவைக் கண்டதும் எழுந்தான். எழுவது சிரமமாக இருந்தாலும் எழுந்தான். மரைக்காருக்கு அது பிடித்திருந்தது.

“மாமா, நான் உங்களைத் தேடி வரத்தான் இருந்தன். ரெண்டு விசயம் சொல்ல வேணும். பட்டாசு கொளுத்துறாங்களாம். வேணாம் எண்டு சொல்லுங்க. ஊர்வலத்துக்கு முன்னால பிடிக்கிற துணியில வெற்றி எண்டு எழுதியிருக்காங்களாம். அதையும் எடுக்கச் சொல்லுங்க. தன்னாமுனைப் பக்கம் தமிழ் ஊருக்குள்ள போனா ஆள் குறையாத வீடு இல்ல. நாளைக்கும் அவங்கட முகத்திலதான் நாம முழிக்க வேணும்.”

“அதை என்ட பொறுப்பில விடு. படுவான்கரையில என்ட வயல் வட்டைக்குப் போனா முதல்ல தேத்தண்ணி தாறவன் தங்கராசா. அவன்ட மகன் இன்னும் வீடு வந்து சேரல்ல. நான் எந்த முகத்தோட வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டு நிக்கிறது? ரெண்டாவது என்ன?”

“நீங்க கேக்க வந்தத நான் செய்யமாட்டன் எண்டதுதான்.”

மரைக்கார் வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்தார். வாவியில் ஒரு தோணி அசையாமல் நின்றது.

“காரணத்தைச் சொல்லு. கேட்டுட்டுப் போறன்.”

றவூப் மேலதிகாரிக்கு அறிக்கை சொல்கிறவனைப் போலத் தட்டையான குரலில் சொன்னான். சுனாமி அன்று அவன் குருக்கள்மடத்துக்குக் கிட்ட ஒரு முகாமில் பொறுப்பாக இருந்தான். கையில் லொறி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். கடல் ஏறியதும் கரையோரம் முழுக்கக் கூக்குரல். லொறியை வடக்கே விட்டால் தாய்வீடு, அதிக தூரம் இல்லை. அவன் வடக்கே விடவில்லை. கண்முன்னே தென்னையில் தொங்கிக்கொண்டிருந்தவர்களை இறக்கினான். கிணற்றுக்குள் விழுந்தவர்களைத் தூக்கினான். ஒன்று முடிய ஒன்று வந்துகொண்டே இருந்தது. காத்தான்குடிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

“பேர் தெரியாத ஆக்களையெல்லாம் எடுத்தன், மாமா. பெத்தவளுக்குப் போகல்ல. அந்தத் தளத்தில ஏறி நிண்டு பதக்கத்தைக் காட்டுறதா?”

“நீ அண்டைக்கு அந்தச் சனத்தை விட்டுட்டு லொறியை நேர இஞ்ச விட்டிருந்தா, உன் உம்மா உசிரோட நிண்டிருந்தாலும் உன்னை வாசலுக்குள்ள எடுத்திருக்கமாட்டா.”

“அது உங்கட பேச்சு, மாமா. உம்மா எடுத்திருப்பா.”

மரைக்கார் தங்கையை நினைத்துப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

“எடுத்திருப்பாதான்” என்றார். “சோத்தைப் போட்டு வச்சிட்டு, நீ தின்னத் தின்ன ஏசியிருப்பா.”

றவூபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்களைத் துடைத்துக்கொண்டான்.

“அந்தக் களப்பில கடைசியா நான் தூக்கிக்கொண்டு வந்தது சிப்பாய் இல்ல” என்றான் திடீரென்று. “ஒரு வயசான தமிழ் மனிசி. கண்டல் பத்தைக்குள்ள கழுத்தளவு தண்ணியில நிண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தா. பதக்கம் குத்தக்க வாசிச்ச பத்திரத்தில அது இல்ல.”

மரைக்கார் அவனைக் கூர்ந்து பார்த்தார்.

“உம்மா எண்டு நினைச்சுப் போகல்ல, மாமா. நீங்க அப்பிடி நினைக்க வேணாம். ஆரோ கூப்பிட்டாங்க, போனன்.”

“நான் ஒண்டும் நினைக்கல்ல.”

அவர் எழுந்து சட்டையின் மடிப்பை இழுத்துவிட்டார்.

“இப்ப நான் சொல்றதக் கேளு. அவங்க உன்ட வீரத்தை ரெண்டாயிரத்து ஒன்பதில இருந்து எண்ணுறாங்க. எண்ணட்டும். நான் குருக்கள்மடத்தில இருந்து எண்ணுறன். அந்த வீட்டில வளந்தவன் கூப்பிட்ட பக்கம் போவான் எண்டது எனக்கு அண்டைக்கே தெரியும். உன் உம்மாட பேர் அந்தத் தளத்தில நிண்டு சொல்லப்படும். நீ வந்தா உன்னை முன்னால வச்சுச் சொல்வன். வராட்டித் தனிய நிண்டு சொல்வன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் அங்கதான் நிப்பன்.”

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மரைக்கார் வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமும் உடுத்து, தளத்தின் நடுவில் நின்றார். காலையிலேயே ஆள் வைத்துக் கூட்டிக் கழுவியிருந்தார். கடற்காற்று மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. குடியின் மூத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் வெயிலில் நின்றார்கள். ஊர் இன்னும் வரவில்லை.

அசனார் வியர்த்து வழிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“மரைக்கார், என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீங்க? மாமி கேற்றைப் பூட்டிட்டா. ‘வாறவங்களுக்குத்தான் துறப்பன், போறவங்களுக்குத் துறக்கமாட்டன்’ எண்டு உள்ளுக்கு நிண்டு சத்தம் போடுறா. சனமெல்லாம் ரோட்டில. பிரிகேடியர்ர ஜீப் வந்திட்டு.”

“அப்ப இஞ்ச கூட்டிக்கொண்டு வா.”

“ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது? மேஜரைக் காணல்ல. உடுப்புப் போட்டுக்கொண்டு தனிய வெளிக்கிட்டுப் போனவராம். எங்க எண்டு பரீனாவுக்கும் தெரியாதாம்.”

மரைக்காரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “சனத்தைக் கூட்டிக்கொண்டு வா” என்று மட்டும் சொன்னார்.

வேறு வழி தெரியாமல் அசனார் போனார். கொஞ்ச நேரத்தில் ஊர் குறுகிய கடற்கரை ஒழுங்கையால் வரத் தொடங்கியது. ஆண்கள், மதிலோரமாகப் பெண்கள், ஜீப்பை விட்டு இறங்கி நடந்து வரும் பிரிகேடியர். தளத்தைச் சுற்றி ஒரு வட்டமாக நின்றார்கள். நடுவில் கிழவர் ஒருவர் தனியாக நிற்பதைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஏதோ கேட்டுக்கொண்டார்கள். நேரம் போனது. மரைக்கார் கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஒழுங்கையையே பார்த்து நின்றார். ஒழுங்கையில் எவரும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். தனியே சொல்வதென்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது கூட்டம் மறுபக்கம் திரும்பியது. கடற்கரை மணலில், தெற்கே குருக்கள்மடப் பக்கமிருந்து, சீருடையில் ஒருவன் காலை இழுத்து இழுத்து நடந்து வந்துகொண்டிருந்தான். சப்பாத்துகள் நனைந்து மணல் அப்பியிருந்தன. மார்பில் பதக்கம் வெயிலில் மின்னியது. தண்ணீரோரமாகவே நெடுந்தூரம் நடந்திருக்கிறான் என்பது தெரிந்தது.

சனம் வழிவிட்டது. தளத்தின் விளிம்புக்கு வந்ததும் றவூப் நின்றான். சீமெந்தைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான். ஒரு படி ஏறினால் போதும். அவன் ஏறவில்லை.

“மாமா, வாசல் எது?”

மரைக்கார் கையை நீட்டி ஒழுங்கைப் பக்கத்தைக் காட்டினார். றவூப் சுற்றி வந்தான். வாசல் இருந்த இடத்தில் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி வைத்தான். வெறுந்தளத்தைப் பார்த்து, வீட்டுக்குள் நுழைகிறவன் சொல்வதுபோல ஸலாம் சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து வைத்தான். பிரிகேடியர் ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தளத்தின் நடுவில் மாமாவும் மருமகனும் எதிரெதிரே நின்றார்கள். மரைக்கார் அவனுடைய வலது கையைப் பிடித்தார். கலியாண நாளில் இதே கையை இதே இடத்தில் பிடித்திருந்தார். அப்போது மீராநாச்சி அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். இப்போது அவர் குரலை உயர்த்தினார். கடல் இரைச்சலுக்கு மேலால் அது கடைசி ஆள்வரை கேட்டது.

“முத்துநாச்சி குடி. மீராநாச்சி மகன் மேஜர் றவூப், உம்மாட வீட்டிலிருந்து புறப்படுறான். ஊரார் கூட்டிக்கொண்டு போங்க.”

மூத்தவர்கள் ஸலவாத்துச் சொன்னார்கள். பெண்கள் பக்கமிருந்து குரவை எழுந்தது. யாரும் பட்டாசு கொளுத்தவில்லை; துணியிலும் ‘வெற்றி’ என்ற சொல் இல்லை. மரைக்கார் கையை விடாமலே மருமகனை வாசல்வரை கொண்டுவந்து, அங்கே விட்டார். றவூப் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். குடியின் மூத்தவர்கள் ஒவ்வொருவராக அதே வாசலால் இறங்கினார்கள்.

ஊர்வலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய அவசரம் அசனாருக்கு. துணியைப் பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே தளத்தின் குறுக்கே ஓடிவந்து, தெற்கு ஓரத்தால் இறங்கக் காலைத் தூக்கினார்.

“அசனார்,” என்றார் மரைக்கார், “அது சுவர். வாசலால வா.”

அசனார் தூக்கிய காலை இறக்கினார். திரும்பிப் போய் வாசலால் வந்தார்.